கேமரன் மலையில் எண்ணெய் ஹீட்டர்: ரிங்லெட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிங்லெட்டில் வயரிங் வேலை செய்கிறேன். பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பாதி என் கை பட்டவை. நவம்பர் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் போதும், பார்க்கிற இடத்திலெல்லாம் ஹீட்டரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தேநீர்க் கடையில், கோயில் வாசலில், விளக்கு மாட்டப் போன வீட்டில். கேட்கிறவர்கள் வேறு, சந்தேகம் ஒன்றேதான். என் அம்மாவின் அறையிலும் நாலு வருடமாக ஓர் எண்ணெய் ஹீட்டர் ஓடுகிறது. அந்த அனுபவத்தையும் தொழிலில் கண்டதையும் சேர்த்து, கேள்விகளை அவரவர் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

"மலேசியாவுல ஹீட்டரா? கேக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

கீழே ஈப்போ நகரத்தில் இருப்பவர் சிரிக்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு, ஆறரை டிகிரி குளிர் கூடும். நம் மலை ஊர்களில் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, பிரிஞ்சாங் அதற்கும் மேலே. 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில் 7.8 டிகிரி பதிவானது. நாட்டில் பதிவானதிலேயே குறைந்த வெப்பநிலை அதுதான். சாதாரண மழைக்கால இரவில் வெளியே 15, 16 டிகிரி இருக்கும். சிங்க் தகட்டுக் கூரை போட்ட வீட்டுக்குள்ளும் விடியற்காலையில் அதை ஒட்டித்தான் இருக்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுச் சூழல் வழிகாட்டியில், குளிர் காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்கிறது. வயதானவர்களுக்கும் மூச்சு நோய் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் தேவைப்படலாம். ஆக, அறுபது எழுபது வயதில் ஒருவர் லைன் வீட்டில் 15 டிகிரியில் தூங்குகிறார் என்றால், அவருக்கு ஹீட்டர் வாங்குவது ஆடம்பரம் இல்லை. நல்ல உடம்போடு இருக்கும் இளைஞருக்கு இரண்டு கம்பளி போதும்.

"உள்ள எண்ணெய் எரியுதா? எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை ஊத்தணும்?"

எரிவதில்லை, ஊற்றவும் வேண்டாம். மண்ணெண்ணெய் அடுப்பை மனதில் வைத்துக்கொண்டுதான் பலர் இதைக் கேட்கிறார்கள். இரும்புத் தகடுகளுக்குள் எண்ணெயை அடைத்து, தொழிற்சாலையிலேயே மூடி விடுகிறார்கள். அடியில் ஒரு கம்பிச் சுருள் மின்சாரத்தால் சூடாகும். அது எண்ணெயைச் சூடாக்க, சூடான எண்ணெய் மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும். இப்படியே சுற்றிச் சுற்றித் தகடு முழுவதும் சூடாகும். எண்ணெயின் வேலை சூட்டைச் சுமப்பது மட்டுமே. பத்து வருடம் ஓடினாலும் அளவு குறையாது. குறைந்தால் எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

"எங்க அறை பத்துக்குப் பத்து. எத்தனை வாட் வாங்கணும் அண்ணே?"

மேலே சீலிங் இருந்தால் 1,500 வாட் போதும். பெரும்பாலான ஹீட்டர்களில் இரண்டு சுவிட்ச் இருக்கும். ஒன்றைப் போட்டால் 600 வாட், மற்றதைப் போட்டால் 900 வாட், இரண்டும் சேர்ந்தால் 1,500. அறையைச் சூடாக்க முதலில் இரண்டும், பிறகு ஒன்று மட்டும். அம்மாவின் அறையில் முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 600-ஐத் தாண்டியதே இல்லை.

ஏழு தகடா, ஒன்பதா, பதினொன்றா என்று கேட்பார்கள். சூட்டைத் தீர்மானிப்பது வாட் கணக்குதான். தகடு கூடினால் அதே சூடு அதிகப் பரப்பில் பரவும். அதனால் ஒவ்வொரு தகடும் கொஞ்சம் குறைவாகச் சுடும், தெரியாமல் கை பட்டாலும் புண் சிறிதாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே அதிகத் தகடு நல்லது.

"எண்ணெய் ஹீட்டர்னா கரண்டு கம்மியா இழுக்குமாமே? விக்கிறவங்க அப்படித்தான் போடுறாங்க."

இதை நம்பி ஏமாறாதீர்கள். சுருள் ஹீட்டர், காற்றாடி ஹீட்டர், எண்ணெய் ஹீட்டர் எதுவானாலும் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் சூடாகத்தான் மாறும். எண்ணெய் சூட்டை உற்பத்தி செய்வதில்லை, சேமித்து வைத்து மெதுவாக விடுகிறது. சுவிட்சை அடைத்த பிறகும் அரை மணி நேரம் கதகதப்பாக இருக்கிறதே என்பார்கள். அது முன்பே காசு கொடுத்து வாங்கிய சூடுதான்.

அப்படியானால் எண்ணெய் ஹீட்டரை ஏன் வாங்க வேண்டும்? சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை, தூசியைக் கிளப்பாது, சிவக்கப் பழுத்த கம்பி வெளியே தெரியாது. தூங்குகிற அறைக்கு இதெல்லாம் வேண்டும். குளித்துவிட்டு வந்து பத்து நிமிடம் சூடு காய வேண்டும் என்றால் காற்றாடி ஹீட்டரே சரி. எண்ணெய் ஹீட்டர் தானே சூடேறுவதற்குள் அந்தப் பத்து நிமிடம் போய்விடும்.

"அப்ப மாசம் பில்லு எவ்வளவு கூடும்? உள்ளதைச் சொல்லுங்க."

ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2025 ஜூலையில் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் கட்டண முறை மாறியது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் உள்ள வீடுகளுக்கு மின்சாரம், கொள்ளளவு, கம்பி வழி ஆகிய மூன்று கட்டணமும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென் வருகிறது. குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு இதில் கழிவு, அதாவது தள்ளுபடி, உண்டு. ஆகவே கீழே உள்ள கணக்கைக் கழிவுக்கு முந்தியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

900 வாட்டில் இரவு நாலு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 3.6 யூனிட். முப்பது நாளைக்கு 108 யூனிட், சுமார் 48 வெள்ளி (ரிங்கிட்). அறை சூடானதும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் தானே அடைத்துத் திறப்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். 1,500 வாட்டில் எட்டு மணி நேரம் ஓயாமல் ஓடினால் மாதம் 360 யூனிட், 160 வெள்ளி. தோட்டத்துச் சம்பளத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

இன்னொன்றும் உண்டு. பயன்பாடு ஏற ஏற அந்தக் கழிவு குறைந்துகொண்டே போகும். 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் சேரும். ஹீட்டர் வாங்கும் முன் கடைசி மூன்று மாத பில்லை எடுத்து, நீங்கள் எத்தனை யூனிட்டில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

"சாக்கெட் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருக்கு. எக்ஸ்டென்ஷன்ல மாட்டிக்கலாமா?"

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

1,500 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். கெட்டில் அதைவிட அதிகம் இழுக்கும், ஆனால் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். ஹீட்டர் மணிக்கணக்கில் இழுக்கும், அதுவும் நீங்கள் தூங்கும்போது. மலிவான எக்ஸ்டென்ஷனுக்குள் இருக்கும் கம்பி பெரும்பாலும் 0.75 சதுர மில்லிமீட்டர். அது தாங்குவது ஆறு ஆம்பியர். பெட்டியின் மேல் 13 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் கம்பிக்கு அது தெரியாது. அதே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலையும் மாட்டினால் இரண்டும் சேர்ந்து 3,500 வாட், 15 ஆம்பியர்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தோட்டத்து வீட்டுக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். வயதான அம்மா ஒருவர், எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார். சுருட்டிய வயரில் சூடு வெளியேற வழியில்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் பிளாஸ்டிக் தீயும் நாற்றத்தில் அவர் எழுந்ததால் பிழைத்தார். வயர் ஒன்றோடொன்று உருகி ஒரே கட்டியாகிவிட்டது, மெத்தையின் அடித்துணி கருகியிருந்தது. அந்தக் கட்டியை நான் இன்னும் என் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.

கட்டிலை நகர்த்துங்கள். முடியாவிட்டால் லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துப் புதுச் சாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்து வீடாக இருந்தால் முதலில் ஆபீசில் கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) சொல்லுங்கள். பழைய லைன்களில் வீட்டின் எல்லாச் சாக்கெட்டும் ஒரே சர்க்கியூட்டில் இருக்கும். பாரம் கூடுவது அவர்களுக்கும் தெரிய வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

"ஆன்லைன்ல வாங்குனேன், ரெண்டு பின்னுதான் இருக்கு. மேல் ஓட்டையில பேனா மூடியை விட்டுச் சொருகிட்டேன், ஓடுது. பரவாயில்லையா?"

ஓடும், ஆனால் ஆபத்து. போன் சார்ஜருக்கு நம் ஊரில் எல்லோரும் இப்படிச் செய்கிறார்கள். சார்ஜர் பிளாஸ்டிக், ஹீட்டர் முழுக்க இரும்பு. மூன்றாவது பின்தான் எர்த். உள்ளே கம்பி அறுந்து தகட்டில் பட்டால், எர்த் இருந்தால் மின்சாரம் அந்த வழியே போகும், மெயின் சுவிட்ச் விழுந்து கரண்ட் நின்றுவிடும். எர்த் இல்லாவிட்டால் தகடு முழுவதும் 230 வோல்ட்டோடு காத்துக்கொண்டிருக்கும். ஈரக் காலோடு யார் முதலில் தொடுகிறார்களோ அவர்கள் வழியாகப் போகும்.

ஹீட்டரின் வயருக்குள் எத்தனை கம்பி என்று வயர்மேனிடம் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை மஞ்சள் கோடு போட்ட மூன்றாவது கம்பி இருந்தால், சிரிம் (மலேசியத் தரச் சான்று நிறுவனம்) முத்திரை உள்ள 13 ஆம்பியர் மூன்று பின் பிளக்கை மாட்டித் தருவார். இரண்டே கம்பி என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எனக்கு ஒரு விற்பனையாளர் அப்படி ஒன்றை அனுப்பினார். காசு திரும்பி வர மூன்று வாரம் ஆனது. ஆனாலும் அதை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"ராத்திரி முழுக்கப் போட்டுட்டுத் தூங்கினா மூச்சு அடைக்குமா?"

மூச்சு அடைக்காது. இதில் எதுவும் எரியவில்லை, அதனால் காற்றிலுள்ள ஆக்சிஜனை இது தின்பதும் இல்லை, புகை விடுவதும் இல்லை. ஆனால் எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடி நாலு பேர் படுத்தால், ஹீட்டர் இல்லாவிட்டாலும் காலையில் தலை கனக்கும். ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.

இரவு முழுக்க விடலாமா என்பதற்கு என் வழி இதுதான்: படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு முழு வேகத்தில் போடுவது, படுக்கும்போது 600 வாட்டுக்கு இறக்கித் தெர்மோஸ்டாட்டைப் பாதிக்குக் கீழே வைப்பது. சுவர் சாக்கெட்டில் நேராக மாட்டி, சுற்றிலும் மூன்றடிக்குத் துணி எதுவும் இல்லாமல் இருந்தால் வயதானவர் அறையில் அப்படி விடலாம். திடகாத்திரமானவர்கள் படுக்கும்போது அடைத்துவிடுவதே நல்லது.

"எங்க பாட்டி காலத்துல கரி நெருப்பைச் சட்டியில போட்டு அறையில வைப்பாங்க. அதுல செலவே இல்லையே?"

அந்தச் சட்டியை மூடிய அறைக்குள் கொண்டுவரவே கூடாது. கரி புகையாமல் கனன்றுகொண்டிருக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, தூக்கக் கலக்கம், அப்புறம் எழுந்திருக்க முடியாது. தூங்குகிறவருக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது.

பாட்டி காலத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்றால், அந்த வீடுகளின் பலகைச் சுவரில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. இன்று செங்கல் சுவர், கண்ணாடி ஜன்னல், கதவடியில் துணி. சாம்பிராணி போட்ட கரியும் இதே கணக்குத்தான். பூசை முடிந்ததும் வெளியே வைத்துவிடுங்கள். ஹீட்டருக்குக் காசு இல்லையென்றால் சுடுதண்ணீர்ப் பை வாங்குங்கள், கம்பளிக்குள் காலடியில் வைத்துப் படுக்கலாம். செலவும் இல்லை, விஷமும் இல்லை.

"ரெண்டு மணி நேரமா ஓடுது, அறை இன்னும் சில்லுனுதான் இருக்கு. ஹீட்டர்ல கோளாறா?"

பத்தில் எட்டு வீட்டில் கோளாறு ஹீட்டரில் இல்லை, அறையில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பத்து அறை, ஒன்பது அடி உயரம். நம் மலை உயரத்தில் அதற்குள் இருக்கும் காற்று சுமார் 25 கிலோ. அந்தக் காற்றை மட்டும் ஐந்து டிகிரி உயர்த்த 900 வாட்டுக்கு இரண்டரை நிமிடம் போதும். அப்படியானால் மிச்ச நேரமெல்லாம் சூடு எங்கே போகிறது? சுவருக்கு, தரைக்கு, முக்கியமாகக் கூரைக்கு. சூடான காற்று மேலே போகும். மேலே சீலிங் இல்லாமல் வெறும் சிங்க் தகடு இருந்தால், மழையில் நனைந்த அந்தத் தகட்டுக்குத்தான் நீங்கள் காசு கொடுத்துச் சூடேற்றிக்கொண்டிருக்கிறீர்கள். லைன் வீடுகளில் இன்னொரு சங்கடம், அறைக்கு அறை சுவர் கூரை வரை எழும்பாது. மேலே திறந்திருக்கும். ஒரு அறையில் ஹீட்டர் போட்டால் அது மூன்று அறைக்கும் போகும்.

முதல் செலவு ஹீட்டருக்கு அல்ல, சீலிங்குக்கு என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஒரே ஒரு அறைக்குச் சீலிங் பலகை அடித்தாலும் போதும், பாட்டி படுக்கும் அறைக்கு. தெர்மோகோல் அட்டையை ஒட்டாதீர்கள், தீப்பிடித்தால் உருகித் தலையில் சொட்டும். ஏற்கெனவே பழைய சீலிங் தகடு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை அறுக்கவோ துளை போடவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. சீலிங்குக்கு வசதியில்லையென்றால் ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், பழைய சாரோங்கைச் சுருட்டிக் கதவடியில் வையுங்கள், சிமெண்டுத் தரையில் பாய்க்குக் கீழே ஒரு விரிப்புப் போடுங்கள். அம்மாவின் அறையில் சீலிங் அடிப்பதற்கு முன் 17 டிகிரியிலிருந்து 19-ஐத் தொடவே இரவு பாதி போய்விடும். அடித்த பிறகு ஒன்றரை மணி நேரத்தில் 21.

"எந்த இடத்துல வைக்கிறது?"

சமதரையில், நிமிர்த்தி. திரைச்சீலை, மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் மூன்றடி தள்ளி. சாக்கெட்டுக்கு நேர் கீழே வேண்டாம், ஏறும் சூடு பிளக்கில் படும். ஜன்னலுக்குக் கீழே, திரை படாமல் வைக்க முடிந்தால் அங்கிருந்து இறங்கும் குளிர்காற்று தடைபடும். குளியலறையில் எப்போதும் கூடாது.

"ஒரு வாரமா மழை, ஸ்கூல் யூனிபாரம் காயல. ஹீட்டர் மேல போட்டு எடுத்துக்கலாமா?"

இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாக்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. நம் ஊர் மழையில் துணி மூன்று நாள் ஆனாலும் ஈரம் விடாது. ஆனாலும் மேலே போடக் கூடாது. துணி மூடினால் சூடு வெளியேறாமல் உள்ளேயே தங்கும். அதிகச் சூட்டைத் தடுக்கும் சுவிட்ச் உள்ளே இருக்கிறது, அது அடைத்துவிடும். ஆனால் தினமும் அதை வேலை வாங்கினால் ஒரு நாள் அதுவே பழுதாகும். துணியிலிருந்து சொட்டும் தண்ணீர் சுவிட்ச் பெட்டிக்குள் இறங்கும் ஆபத்தும் உண்டு.

துணிக் கம்பியை மூன்றடி தள்ளி வையுங்கள், காற்றாடியை மெதுவாகத் துணிப் பக்கம் திருப்புங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஜன்னலை மூடினால் துணியிலிருந்து போகும் தண்ணீர் சுவரில்தான் படியும், பூஞ்சணம் பிடிக்கும்.

"வெளிநாட்டு வீடியோவுல பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணி வைக்கச் சொல்றாங்களே?"

பனி பெய்யும் நாட்டில் குளிர்காலக் காற்று வறண்டது, சூடாக்கினால் இன்னும் வறளும். அவர்களுக்கு அது சரி. நம் மலையில் இரவு ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் போகும். 16 டிகிரியில் 90 விழுக்காடு இருக்கும் காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 66 விழுக்காட்டுக்கு இறங்கும். உடம்புக்கும் சுவருக்கும் அதுவே சுகம். அதில் போய் எதற்குத் தண்ணீரைச் சேர்ப்பது? ஹீட்டர் தண்ணீரை வெளியேற்றுவதில்லை, காற்றின் தாங்கும் சக்தியைக் கூட்டுகிறது. அடைத்துவிட்டால் ஈரம் திரும்பி வந்துவிடும். அதனால்தான் பகலில் ஜன்னலைத் திறந்துவிடச் சொல்கிறேன்.

"வீட்டுல கைக்குழந்தை. எவ்வளவு சூடு வைக்கணும்?"

இங்கே நம் பழக்கத்துக்கு மாறாக ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைக்குக் குளிரும் என்று நாம் அறையை அனலாக்கிவிடுகிறோம். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ், குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 டிகிரி போதும் என்கிறது. சூடு மிஞ்சுவதும் தூக்கத்தில் குழந்தை இறந்துபோகும் ஆபத்தைக் கூட்டும் என்பதால்தான் இந்த அளவு. 18 டிகிரி உள்ள அறையில் பருத்திச் சட்டையும் ஒரு மெல்லிய போர்வையும் சரி. ஒரு சின்ன வெப்பமானியை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்திருந்தால் ஹீட்டரை அடையுங்கள். தவழும் பிள்ளை என்றால் சுற்றி ஒரு தடுப்பு வேண்டும். தகடு சிவக்காது, அதனால் சூடு என்று பிள்ளைக்குத் தெரியாது, இரண்டு கையையும் ஊன்றி எழுந்து நிற்கப் பார்க்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

"டிக் டிக்னு சத்தம், எண்ணெய் வாசம் வருது. வெடிச்சிடுமா?"

வெடிக்காது. இரும்பு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும், அந்தச் சத்தம்தான். முதல் ஒன்றிரண்டு நாள் பெயிண்ட் காயும் வாசமும் வரும், ஜன்னலைத் திறந்து வைத்து ஓட விடுங்கள். வருடா வருடம் முதல் தடவை போடும்போது வரும் கருகல் வாசம், தகட்டில் படிந்த தூசி. ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டுப் போட்டால் வராது. பிளக் பக்கமிருந்து மீன் நாற்றம் போல வந்தால் மட்டும் உடனே அடையுங்கள். பிளக்கோ சாக்கெட்டோ சூட்டில் உருகத் தொடங்கும்போது வருகிற வாசம் அது.

"மகன் ஜப்பான்லேர்ந்து கொண்டுவந்தான். மருமகள் இங்கிலாந்துல படிச்சப்போ வாங்கினதும் இருக்கு. எதைப் போடலாம்?"

இங்கிலாந்துடையதைப் போடுங்கள். அங்கும் 230 வோல்ட், பிளக்கும் நம்முடையதைப் போலவே மூன்று பின்.

ஜப்பானில் 100 வோல்ட். அதை இங்கே மாட்டினால் மின்னழுத்தம் 2.3 மடங்கு, சக்தி அதன் வர்க்கமாக, ஐந்து மடங்குக்கு மேல் ஏறும். 1,200 வாட் ஹீட்டர் 6,000 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். பியூஸ் போனால் அதிர்ஷ்டம். பயண அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. டிரான்ஸ்பார்மர் வாங்கும் காசுக்கு இங்கேயே ஒரு நல்ல ஹீட்டர் வாங்கிவிடலாம்.

"போன வருசம் நல்லா ஓடுச்சு. இப்ப போட்டவுடனே இஎல்சிபி விழுது."

இஎல்சிபி என்பது மின்சாரம் கசிந்தால் தானே கரண்டை நிறுத்தும் சுவிட்ச். ஏழெட்டு மாதம் ஈரமான மூலையில் கிடந்த ஹீட்டருக்கு இது வரும். சூடேற்றும் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள் அடைத்திருப்பார்கள். அது ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் மின்சாரம் கொஞ்சம் எர்த்துக்குக் கசியும், அதை உணர்ந்துதான் இஎல்சிபி விழுகிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எத்தனை காசு கொடுத்தாலும் செய்ய மாட்டேன்.

மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஹீட்டரை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் ஹீட்டரில்தான் கசிவு. மறுபடி மறுபடி ஏற்றிப் பார்க்காமல் வயர்மேனிடம் கொடுத்து இன்சுலேஷன் அளக்கச் சொல்லுங்கள். உலர்ந்தால் சில ஹீட்டர்கள் சரியாகும், சில ஆகாது. அடுத்த முறை எடுத்து வைக்கும்போது, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, தரையில் அல்லாமல் அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். மாதத்தில் ஒரு முறை இஎல்சிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், ஹீட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

"கரண்டு போயிட்டு வந்தா தானா ஓடுமா?"

திருகு சுவிட்ச் உள்ளது தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். மழைக் காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இருட்டில் ஹீட்டரை மறந்துவிட்டுப் போய், ஆள் இல்லாத வீட்டில் அது ஓடுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

"அடியில எண்ணெய் கசியுது. வெல்டிங் கடையில கொடுத்து அடைச்சிடலாமா?"

கொடுக்காதீர்கள். உள்ளே எண்ணெயும் எண்ணெய் ஆவியும் இருக்கும் மூடிய பாத்திரத்தில் வெல்டிங் நெருப்பு பட்டால் வெடிக்கும். பசை போட்டு அடைத்தாலும் சூட்டில் பிய்த்துக்கொண்டு வரும். எண்ணெய் குறைந்தால் கம்பிச் சுருளின் ஒரு பகுதி எண்ணெய்க்கு வெளியே வந்து, அளவுக்கு மேல் சூடாகும்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். முழுக்க ஆற விடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடியில் ஓர் அலுமினியத் தட்டை வையுங்கள். தரையில் சிந்தியதைப் பழைய பத்திரிகையால் ஒற்றி, சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், இல்லாவிட்டால் யாராவது வழுக்கி விழுவார்கள். கால்வாயில் ஊற்ற வேண்டாம், கீழே அந்தத் தண்ணீரைத்தான் காய்கறித் தோட்டத்துக்கு இறைக்கிறார்கள். வயரை வெட்டி எடுத்துவிட்டு, யாரும் திரும்ப மாட்டிப் பார்க்க முடியாதபடி செய்து, பழைய இரும்புக்காரரிடம் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.